கம்ப்யூட்டருக்கு அடித்த தகரப் பெட்டி

தகரப் பெட்டி செய்கிறவர்கள் வீட்டில் எல்லோருடைய விரலும் காயமில்லாமல் இருந்தால், அந்த வாரம் ஆர்டரே இல்லை என்று அர்த்தம்.

எங்கள் பட்டறை தாராவியில் இருக்கிறது. கீழே டிரங்குப் பெட்டி, மேலே ஏணி ஏறினால் குடித்தனம். நான் படித்தது ஆறாம் கிளாஸ். வெட்டுவது, மடிப்பது, ரிவிட் அடிப்பது எல்லாம் வீட்டுக்காரரைப் பார்த்துப் பார்த்து எனக்கும் வந்துவிட்டது. ஆனால் கஸ்டமர் தலை தெரிந்தால் திரைக்குப் பின்னால் போய்விடுவேன். ஆம்பிளைகளிடம் பேச எனக்கு நாக்கு எழும்பாது.

போன வருஷம் வீட்டுக்காரர் ஏணியிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். இடம் அவருடைய அண்ணனுக்குச் சொந்தம். ஆண்டாப் ஹில்லில் இருக்கும் அந்தப் பெரிய மச்சான் வந்து மாவுக்கட்டைப் பார்த்தார். கட்டுப் பிரிக்கும் வரை பட்டறை சும்மா கிடக்கக் கூடாது, பை தைக்கிறவர்களுக்கு விடப்போகிறேன், தம்பி என் வீட்டில் இருக்கட்டும், ஜொகராவும், அதாவது நானும், பிள்ளையும் ஊருக்குப் போகட்டும் என்றார். ஊரில் என் மாமியாரும் நானும் ஒரே அடுக்களையில். இதற்கு மேல் விளக்க வேண்டாம். புருஷன் தொழிலில் கையைக் கொடுத்து மாட்டிக்கொண்ட பெண்கள் யாராவது இதைப் படித்தால், என் நிலைமை அவர்களுக்குப் புரியும்.

அளவு கேட்ட கதை

அந்த வாரம்தான் சேகர் என்று மாட்டுங்காவிலிருந்து ஒரு பையன் வந்தான். இருபத்திரண்டு வயசிருக்கும். குளிக்கிற துண்டில் எதையோ பச்சைக் குழந்தையைப் போலச் சுற்றிக்கொண்டு வந்திருந்தான். கம்ப்யூட்டர் பாகங்களாம். லாமிங்டன் ரோட்டில் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்திருக்கிறான். இதையெல்லாம் வைக்க வெளிநாட்டுப் பெட்டி கட்டுப்படியாகவில்லை, தகரத்தில் ஒன்று அடிக்க வேண்டுமாம். செம்பூரில் ஒரு கம்பெனி மாதிரிக்கு ஒன்று கேட்டிருக்கிறது, பிடித்தால் இன்னும் ஆறு வாங்குவார்கள் என்றான்.

ஆறு என்றதும் வீட்டுக்காரர் மாவுக்கட்டோடு நிமிர்ந்து உட்கார்ந்து, திரையைப் பார்த்தார். திரை ஆடியது. நான்தான் தலையாட்டினேன். உடனே அவர் பழக்கதோஷத்தில், எத்தனை சேலை கொள்ளும்படி வேண்டும் என்று கேட்டார். எங்கள் தொழிலில் அளவு என்றால் அதுதான், இருபது சேலைப் பெட்டி, நாற்பது சேலைப் பெட்டி. சேகர் துண்டைப் பிரித்து, பச்சை நிறத்தில் பூச்சி பூச்சியாக ஒட்டியிருந்த ஒரு பலகையைக் காட்டினான்.

"பாய், நான் இதுல துணி வைக்கப்போறதில்ல. மூளையை வைக்கப்போறேன்."

காற்றுப் புகாத பெட்டி

மழைக்காலத்தில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும். அதனால் எங்கள் பெட்டியின் பெருமையே எறும்பு நுழைய இடமில்லாமல் இருப்பதுதான். பிள்ளையை ஒரு காலி டிரங்கில் உட்கார வைத்துவிட்டு, நாலு நாள் உயிரைக் கொடுத்து அடித்தேன். ஓரமெல்லாம் இரட்டை மடிப்பு, மூலையெல்லாம் ஈயம். இரண்டு பக்கமும் தூக்கக் கைப்பிடி. முன்னால் பூட்டுப் போடக் கொண்டி. பிறகு ஒரு வாளித் தண்ணீரை மேலே ஊற்றிப் பார்த்தேன். உள்ளே ஒரு சொட்டு இல்லை.

சேகர் வந்து மூடியைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். வயர் எது வழியாக வரும் என்று கேட்டான். அதை நான் யோசிக்கவே இல்லை. பெட்டிக்குள் எதற்கு வயர் வர வேண்டும்? செய்தது யார் என்று புரிந்துகொண்டவன் போல, திரையைப் பார்த்துப் பேசினான்.

"அக்கா, வேலை பிரமாதம். ஆனா இதுக்குள்ள எதை வெச்சாலும் மூச்சு முட்டிச் செத்துடும்."

ஓட்டை போட்ட கதை

சரி, காற்று வேண்டும், அவ்வளவுதானே? வயருக்குப் பின்பக்கம் பெரிதாக ஒன்று வெட்டிவிட்டு, ஆணியை வைத்து இரண்டு பக்கமும் வரிசையாக ஓட்டை போட்டேன். டிரங்கில் உள்பக்கம் வழவழ என்று இருக்க வேண்டும், பிசிறு இருந்தால் பட்டுச்சேலை கிழிந்துவிடும். அந்தப் புத்திதான் கையில் நின்றது. உள்ளேயிருந்து வெளியே குத்தினேன். உள்பக்கம் கன்னம் மாதிரி ஆகிவிட்டது. வெளிப்பக்கத்தை நான் தொட்டுப் பார்க்கவில்லை.

சேகர் அதை இடுப்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் போயிருக்கிறான். மறுநாள் பெட்டியோடு வந்தபோது கிழிந்த சட்டையைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்து காட்டினான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மராத்திக்காரர் பாதி வழியிலேயே எழுந்து நின்றுகொண்டாராம். பிசிறையெல்லாம் அரத்தால் தேய்க்க எனக்கு ஒரு பகல் ஆனது. வீட்டில் அவன் அம்மா பெட்டியைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டதையும் சொல்லிவிட்டுத்தான் போனான்.

"ஏன்டா, கணக்குப் போடற மிஷின்னு சொன்னே, தேங்காயும் துருவுமா?"

நாலு ரப்பர்த் துண்டு

பலகை தகரத்தில் பட்டால் புகைந்துவிடும், கீழே ஏதாவது கட்டை கொடுத்துத் தூக்க வேண்டும் என்று சேகர் சொன்னான். அதற்கென்று வெளிநாட்டில் தனியாக ஒரு சாமான் உண்டாம். எங்களிடம் வீட்டுக்காரரின் ஹவாய்ச் செருப்பு இருந்தது. ஒரு கையால் ஏணி ஏற முடியாமல் அவர் கீழே பட்டறையிலேயே இருந்ததால் அது சும்மாதான் கிடந்தது. சோப்புப் போட்டுக் கழுவி, குதிகால் பக்கம் வட்ட வட்டமாக வெட்டி, பலகையை மேலே உட்கார வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

சேகர் வீட்டில் மிஷினை முதல்முறை ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஓடியதும் அவன் அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்காமல் பெட்டிக்குக் குங்குமம் வைத்து, பூ போட்டு, சர்க்கரைப் பொங்கல் காட்டி, பிறகுதான் மூடியைத் திறந்து உள்ளே பார்த்திருக்கிறாள். நீல ரப்பரை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்ததாம். அடுத்த நாள் மகன் வந்து, வீட்டுக்காரரின் காலைப் பார்த்துக்கொண்டே, அம்மா கேட்டுவரச் சொன்னாள் என்று ஆரம்பித்தான்.

"கால்ல போட்டதா, போடாததா? போடாததுன்னா அது ரப்பர். போட்டதுன்னாதான் செருப்பு."

செம்பூரில்

ரப்பர் என்றே சொல்லிவிட்டோம். அல்லா மன்னிக்கட்டும்.

அதற்குள் பெரிய மச்சான் ஆள் விட்டுச் சொல்லிவிட்டார், வெள்ளிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. செம்பூரில் பெட்டியைக் காட்ட வேண்டியது புதன்கிழமை. பெயிண்ட் அடிக்காமல் எங்கள் பட்டறையிலிருந்து எதுவும் வெளியே போனதில்லை. துருப் பிடிக்கும் என்று பயந்து, சேகரைப் பாகங்களைக் கழற்றிவிட்டுப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, உள்ளும் புறமும், மூலை முடுக்கெல்லாம் இரண்டு கோட்டிங் அடித்துக் கொடுத்தேன். அங்கே ஸ்க்ரூ கழற்றி மாட்ட ஆள் வேண்டும். வீட்டுக்காரருக்குக் கை இல்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானே போனேன். வழி முழுக்க சேகர் பேசினான், எர்த் வயர் தகரத்தைத் தொட்டிருந்தால் கரண்ட் ஆளைக் கடிக்காது என்பது வரை சொன்னான், நான் தலையாட்டினேன்.

கம்பெனி முதலாளி ஒரு வயசான சேட். மிஷினைப் போட்டதும் கம்ப்யூட்டர் திரையில் பச்சை எழுத்து வந்தது. சேட் ஆசையாகப் பெட்டி மேல் கையை வைத்தார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். கரண்ட். பெரிதாக இல்லை, எறும்பு கடித்த மாதிரி. ஆனாலும் கடித்தது கடித்ததுதானே. சேகர் முகம் வெளுத்துவிட்டது. வீட்டில் இப்படி ஆகவில்லையே, எர்த் வயரைத் தகரத்தில் நான்தானே முடுக்கினேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சேட் வாசலைப் பார்த்தார். எனக்கு வெள்ளிக்கிழமை ரயில் தெரிந்தது.

எர்த் வயர் தகரத்தில் இல்லை, என் பெயிண்டில் இருக்கிறது. சேகர் வீட்டில் ஓடும்போது தகரம் வெறும் தகரமாக இருந்தது. அது எனக்கு மட்டும்தான் உறைத்தது. எனக்குத் தெரிந்த பட்டறை ஹிந்தியில் சொன்னேன்: "கரண்டை நிறுத்துங்க. ஸ்க்ரூவுக்கு அடியில பெயிண்ட் இருக்கு. நான்தான் அடிச்சேன்." என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. பிள்ளையை வைக்க இடமில்லை, சேட் கையில் கொடுத்துவிட்டேன். ஸ்க்ரூவைக் கழற்றி, முந்தானை ஊக்கை எடுத்து, தகரம் பளபளவென்று தெரியும் வரை சுரண்டினேன். மறுபடி முடுக்கி, கரண்ட் போட்டதும் முதலில் என் உள்ளங்கையை வைத்தேன். ஒன்றும் இல்லை. பிறகு சேட் வைத்தார். மற்ற கை என் மகளிடம் இருந்தது.

"பெட்டி இப்போ கடிக்கலை, உன் பொண்ணுதான் கடிக்கிறா. இவளைப் பிடி, ஆறு பெட்டிக்கு வேலையை ஆரம்பி."

டிக்கெட்

வியாழக்கிழமை பெரிய மச்சான் டிக்கெட்டோடு வந்தார். உட்கார இடமில்லை. ஆறு பெட்டிக்கான தகரம் வாசல் வரை நின்றது. யார் அடிக்கப்போவது என்று தம்பியைக் கேட்டார். வீட்டுக்காரர் தாடையால் என்னைக் காட்டினார். அன்றைக்கு நான் திரைக்குப் பின்னால் போகவில்லை. தகரம் திரையை மறைத்துக்கொண்டிருந்தது, போக வழியும் இல்லை.

அவர் டீயைக் குடித்து முடித்தார். நான் குத்தி வைத்திருந்த ஒரு தகரத்தின் ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார். பை தைக்கிறவர்களுக்கு வேறு இடம் பார்க்கச் சொல்கிறேன் என்று முணுமுணுத்தார். பிறகு டிக்கெட்டை வெளியே எடுத்து, மாவுக்கட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"டிக்கெட் வீணாப் போவுதே. கை சரியாவுற வரைக்கும் இவன வேணா ஊருக்கு அனுப்பட்டுமா?"

அந்தக் கம்ப்யூட்டர் செம்பூரில் என்னென்ன வேலை செய்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது, என்னை மாமியார் அடுக்களைக்கு அனுப்பாமல் நிறுத்தி வைத்தது என்கிற ஒரு வேலையைத் தவிர.