மூன்றாவது குத்து

எங்கள் வார்டில் ஒரு விதி உண்டு. ஊசிக்கு நரம்பு தேடும்போது ஒரு நர்ஸ் இரண்டு முறைதான் குத்தலாம். கிடைக்கவில்லையென்றால் வாயை மூடிக்கொண்டு வேறு ஆளைக் கூப்பிட வேண்டும். புதிதாக வரும் பெண்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவளே நான்தான். அதனால்தான் இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

அந்த நோயாளி டெல்லி கரோல் பாக்கில் தனியாக இருந்த தமிழர், ரிட்டயர்டு கிளார்க். கால் எலும்பில் சீழ் பிடித்து, ஆறு வாரம் நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டியிருந்தது. டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த மகள் மாலையில் வந்து, சாப்பிட்டாரா என்று இந்தியில் கேட்டுவிட்டுப் போவாள். இவர் தலையாட்டுவார். முதல் நாள் என்னிடம் கேட்டார், "எந்த ஊரும்மா?" நாகர்கோவில் என்றேன். "அங்க இப்ப மழையா?" என்றார். என்னிடம் யாரும் அப்படிக் கேட்டு வருஷக்கணக்காகிறது. ஹாஸ்டல் அறையில் என்னோடு இருப்பவள் மணிப்பூர்க்காரி. நான் டியூட்டி முடிந்து வரும்போது அவள் கிளம்பியிருப்பாள்.

அவருடைய நரம்புகள் ஒவ்வொன்றாகக் கெட்டுப்போயின. மேல்கையில் நீளமான குழாய் ஒன்றைப் போட்டுவிட்டால் ஆறு வாரமும் தாங்கும், வீட்டுக்கும் போய்விடலாம். அதற்கென்று தனிக் குழு இருக்கிறது. குழாய் போட்டுவிடலாமா என்று டாக்டர் கேட்டபோது, இன்னும் நரம்பு கிடைக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்றேன். பொய். அவர் போய்விட்டால் காலையில் பத்து நிமிஷம் தமிழ் பேச எனக்கு வேறு யார்?

ஆறாம் நாள் இரண்டு முறை குத்தியும் கிடைக்கவில்லை. வெந்நீர்த் துணி வைத்துப் பார்த்தேன்.

"இன்னொரு தடவை பாத்துடலாமா சார்?"

"பாரும்மா."

மூன்றாவது முறை ஊசியில் ரத்தம் எட்டிப் பார்த்ததும், நரம்பு கிடைத்துவிட்டதென்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மத்தியானம் போனால், மருந்து வெளியே கசிந்து முழங்கை வரை வீங்கிக் கிடந்தது. மனிதர் பெல்கூட அடிக்கவில்லை.

குழாய்க் குழுவின் நர்ஸ் வந்தாள். கை கழுவி, பச்சைத் துணி விரித்து, மருந்து தடவிய இடம் காயும்வரை அவசரப்படாமல் நின்றாள். ஸ்கேனில் பார்த்து மற்றக் கையில் ஒரே குத்தில் முடித்தாள். ஏன் முன்பே கூப்பிடவில்லை என்று இந்தியில் கேட்டாள். நான் வீங்கிய கையிலிருந்த பிளாஸ்டரைப் பிரிக்க ஆரம்பித்தேன்.

அவள் போனபிறகு, இழுத்தடித்தது நான்தான் என்று அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"தெரியும்மா. பக்கத்து பெட்காரனுக்கு ரெண்டாம் நாளே போட்டாங்களே. எனக்குத் தினமும் உயிர் போற வலி. ஆனா குழாய் போட்டா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அங்க போனா டிவி மட்டும்தான்."

பேச ஆள் வேண்டுமென்று ஒரு வயதானவரின் கையைப் புண்ணாக்கியிருக்கிறேன். அவரும் தினமும் நீட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்.