குழாயிடம் சொன்ன கனவு

"அப்பா, இன்னைக்கும் அந்த நாய் வந்துச்சுப்பா."

சென்ற வாரம் ஒருநாள் காலையில், பல் துலக்கிக்கொண்டே என் மகள் யாழினி சொன்னாள். ஆறாவது படிக்கிறாள். தொடர்ந்து மூன்றாவது நாளாக அதே கனவு.

ஒரு கறுப்பு நாய் துரத்துகிறது. ஓடலாம் என்றால் கால் வரவில்லை. நாய்க்குப் பின்னால் தர்ஷினி நிற்கிறாள். வாயைத் திறக்கிறாள்... சத்தம் வரவில்லை.

தர்ஷினி எங்கள் தெருப் பெண். ஒன்றாம் வகுப்பிலிருந்து இவளோடு ஒட்டிக்கொண்டே திரிந்தவள். பௌர்ணமிக்கு மறுநாள் இருவரும் காய் விட்டுவிட்டார்கள். காரணம் கேட்டால், "சும்மாதாம்பா" என்றாள். பிள்ளைகள் சண்டைதானே, இரண்டு நாளில் பழம் விட்டுக்கொள்வார்கள் என்று நானும் விட்டுவிட்டேன்.

பிள்ளைகளே, நான் பத்தாவது வரை படித்தவன். வேங்கிக்காலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கனவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் டெய்லி காலண்டரின் பின்பக்கம் அச்சடித்திருக்கும் கனவுப் பலன்தான். எடுத்துப் பார்த்தேன். நாய் துரத்தினால் பகை. பிரிந்த சிநேகிதர் வந்தால் அவரால் தொல்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். எனக்குச் சரியாகத்தான் பட்டது.

"அந்தப் பொண்ணுகிட்ட இனிமே பேச்சு வெச்சுக்காத. பைரவருக்கு ஒரு மாலை சாத்திட்டா எல்லாம் சரியாயிடும்" என்றேன்.

யாழினி ஏதோ சொல்ல வந்தாள். பிறகு தலையை மட்டும் ஆட்டினாள்.

தேய்பிறை அஷ்டமி அன்று கோயிலுக்குப் போய் வடைமாலை சாத்தினோம். மறுநாள் காலையிலும் நாய் வந்தது. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு — கெட்ட கனவை மனிதரிடம் சொல்லக் கூடாது, ஓடுகிற தண்ணீரிடம் சொல்லிவிட வேண்டும். ஓடைக்கும் ஆற்றுக்கும் எங்கே போவது? பின்பக்கக் குழாயைத் திறந்துவிட்டு, அவளை அங்கே நிற்க வைத்துவிட்டு நான் உள்ளே வந்துவிட்டேன். வெகுநேரம் சொல்லிவிட்டு வந்தாள். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. எனக்கும் நிம்மதி.

அதற்கு அடுத்த நாள் தர்ஷினி என் கடைக்கு வந்தாள். கையில் ஆதார் கார்டு.

"ரெண்டு காப்பி, அங்கிள்."

எடுத்துக் கொடுத்தேன். அவள் போகவில்லை.

"அங்கிள்... யாழினிக்கு ஊசி போட்டாச்சா?"

"என்ன ஊசி?"

"நாய் கடிச்சதுக்கு." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு அண்ணாமலையார் மேல சத்தியம் வாங்கிட்டா அங்கிள். நான் உங்ககிட்ட சொல்லலாம்னு சொன்னதுக்குத்தான் காய் விட்டுட்டா."

பௌர்ணமிக்கு மறுநாள் கிரிவலப் பாதையில் அன்னதான இலைகள் குவிந்து கிடக்கும் அல்லவா... அங்கே சோற்றுக்கு மொய்த்த நாய்களில் ஒன்றுதான் கடித்திருக்கிறது. யாழினியின் கணுக்காலில் மஞ்சள் பூசியிருந்ததை அன்று நானே பார்த்தேன். "சைக்கிள் பெடல் இடிச்சிடுச்சு" என்றாள். நம்பினேன்.

கடையை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். "ஏம்மா சொல்லல?" என்றேன்.

"நீதானப்பா சொல்லுவ... நாய்கிட்ட போனா தொப்புளைச் சுத்தி பதினாறு ஊசி போடுவாங்கன்னு."

ஆமாம். நான்தான் சொன்னேன். சிரித்துக்கொண்டே, பத்துத் தடவையாவது.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா காயத்தைப் பார்த்தார். "பத்து நாளா என்னங்க பண்ணிட்டு இருந்தீங்க?"

வடைமாலை சாத்திக்கொண்டிருந்தேன் என்றா சொல்வது?

"லேட்டுதான். அதுக்காக விட முடியாது. இன்னைக்கே ஆரம்பிச்சிடலாம்."

காயத்தைச் சுற்றி ஊசி, கையில் ஊசி. தொப்புள் பக்கம் யாரும் போகவே இல்லை. அன்று சாயங்காலம் கிரிவலப் பாதையில் அந்த நாயைத் தேடிப் போனேன். டீக்கடைக்காரர் டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "கறுப்பா, காது கிழிஞ்சதுங்களா? அது செத்து ஒரு வாரம் ஆச்சே." கடித்த நாய் பத்து நாளுக்குள் செத்தால் அதற்கு வெறி பிடித்திருக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

இன்னும் ஊசி பாக்கி இருக்கிறது. தவறாமல் போட்டுக்கொண்டால் பயமில்லை என்கிறார் டாக்டரம்மா. நம்புகிறேன். ஆனால் அந்த வெறிநாய் நோய் வந்துவிட்டால் மருந்து கிடையாது, தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகும் என்றும் கேள்விப்பட்டிருக்கிறேனே... யாழினி டம்ளரைத் தூக்கினால் போதும், என் கண் அவள் தொண்டையிலேயே நிற்கிறது.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். நாய் பல் பட்டாலும் நகம் கீறினாலும் சோப்பு போட்டு, ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுங்கள். உடனே வீட்டில் சொல்லுங்கள். அடி விழுமே என்று பயந்தாலும் சொல்லுங்கள். சிநேகிதி சத்தியம் வாங்கியிருந்தாலும் தர்ஷினி மாதிரி மீறுங்கள். அண்ணாமலையார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தர்ஷினி இப்போது தினமும் வீட்டுக்கு வருகிறாள். யாழினியின் கனவில் நாய் வருவதில்லை. எனக்குத்தான் வருகிறது.

நேற்று யாழினி கேட்டாள்: "ஏம்ப்பா, நான் தண்ணி குடிக்கறப்பல்லாம் என்னியே பாக்கற?"

"சும்மாதாம்மா."

"அன்னைக்குக் குழாய்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேம்ப்பா. நாய் கடிச்சதக்கூட. சத்தமாதான் சொன்னேன்."

எனக்கு ஏன் கேட்கவில்லை? கெட்ட கனவு யார் காதிலும் விழக் கூடாது என்று, டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்தவன் நான்தான்.