கான் வெட்டிய பாத்தி

றஸ்மியாவுக்குக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரத் தெரியாது. கலேவெலவுக்கு அப்பால் அவர்களுடைய காணியில் ஒரு பக்கம் வயல், மறுபக்கம் சதுப்பு. காலை வைத்தால் முழங்கால் வரை இழுக்கும் கறுப்பு மண். எந்தக் காலத்திலோ அழுகிய புல்லும் இலையும் சேர்ந்து உண்டானது. அதன் ஓரத்தில் கொட்டில் போட்டுப் புருஷன் நளீம் பல வருஷம் வாகன பெட்டரி திருத்தினார். பழைய பெட்டரியின் ஈயம் கலந்த அசிட்டை அந்தச் சேற்றில்தான் ஊற்றுவார். சேறு குடித்துவிடும் என்பது அவருடைய சித்தாந்தம். குடித்தது உண்மைதான். குடித்ததை எங்கே வைத்தது என்றுதான் யாரும் கேட்கவில்லை.

கொட்டிலை மூடிய பிறகு நிலம் சும்மா கிடந்தால் றஸ்மியாவுக்குப் பொறுக்குமா? அழுக்கெல்லாம் தேங்கிய தண்ணீரில்தான், அதை ஓடவிட்டால் மண் சுத்தமாகிவிடும் என்று தானே முடிவுகட்டினாள். ஆள் பிடித்து வாய்க்கால்போலக் கான் வெட்டி, தண்ணீரை வடித்து, மண்ணைக் காயவைத்துப் பாத்தி கட்டி வல்லாரை நட்டாள். அது கொழுகொழுவென்று வந்தது. மகள் நுஸ்ரா தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்த நாளிலிருந்து காலையில் வல்லாரைக் கஞ்சிதான். இலையை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, திரும்பத் திரும்ப அலசித்தான் அரைப்பாள். அந்தச் சுத்தத்தில் ஒருவரும் குறை சொல்ல முடியாது.

பழைய பெட்டரிக் கொட்டில்கள் இருந்த இடங்களைச் சோதிக்கும் மண் ஆராய்ச்சிக்காரர்கள் ஒருநாள் வந்து வயலிலும் பாத்தியிலும் கான் வெட்டாத சேற்றிலும் மண் எடுத்தார்கள்; கூடவே ஒரு பிடி வல்லாரையும். பிறகு அவர்களில் ஒருவரான இந்திரகுமார், முடிவைச் சொல்ல நேரிலேயே வந்தார்.

"தண்ணி நின்ன வரைக்கும் அந்த மண்ணு ஈயத்தப் பிடிச்சு வச்சிருந்துச்சுங்க. நீங்க காய வச்சதும் விட்டுருச்சு. இப்ப இலையில ஏறியிருக்கு."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். நன்றாகக் கழுவினால் போகாதா என்று றஸ்மியா கேட்டாள். தண்டுக்குள் போனதை எப்படிக் கழுவுவது என்றார் அவர். சாப்பிட்டவர்கள் ரத்தம் சோதிக்க வேண்டும், வயிற்றுப் பிள்ளைக்கு ஈயம் ஆகவே ஆகாது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று முழுக்க அவள் ஓரிடத்தில் நிற்கவில்லை. வல்லாரையை வேரோடு பிடுங்கினாள். பிடுங்கியதை எங்கே போடுவதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே நடந்தாள். பிள்ளை கிடைக்கும் வரை மகளிடம் வாய் திறக்காதே என்றார் நளீம். அவர்மேல் பொங்கிய ஆத்திரத்தைவிடத் தன்மேல் வந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஆனாலும் சொல்லப் பயந்தாள். மறுநாள் காலை, சந்தையில் வாங்கிவந்த வல்லாரையில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள்.

நுஸ்ரா ஒரு வாய் குடித்துவிட்டு, ருசி வேறு மாதிரி இருக்கிறதே என்றாள்.

அதற்குமேல் றஸ்மியாவால் மறைக்க முடியவில்லை. கான் வெட்டியது, மண் காய்ந்தது, இலையில் ஈயம் ஏறியது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போக உடுத்திக்கொண்டு வா என்றாள்.

நுஸ்ரா கோப்பையைக் கீழே வைத்தாள். கை தானாக வயிற்றுக்குப் போனது. பிறகு தாயின் முகத்தைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது.

"நீங்களும் குடிச்சீங்கதானே உம்மா? ரெண்டு பேருமா போய் ரத்தம் குடுப்போம்."

"நான் குடிக்கல்ல மகள்," என்றாள் றஸ்மியா. "எல்லாத்தையும் ஒனக்கெண்டுதான் வச்சேன்."