மிஷின் காட்டாத தள்ளாட்டம்

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆவணி மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் கம்பித் தொழிற்சாலையின் கேட்டில் இது நடந்தது. என் பிள்ளைகளுக்குப் பல தடவை சொல்லியிருக்கிறேன். இதைப் படிக்கிற பிள்ளைகள் வீட்டிலும் சர்க்கரை நோய் உள்ள ஒரு அப்பாவோ அம்மாவோ இருக்கலாம், அதனால் எழுதவும் செய்கிறேன். நான் பத்தாவது வரைதான் படித்தவன். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

அப்போது எனக்கு கிரேன் ஓட்டும் வேலை. ஷெட்டின் உச்சியில், தண்டவாளத்தின் மேல் ஓடுகிற பெரிய கிரேன் அது. ஏணியில் ஏறி கேபினில் உட்கார்ந்து, டன் கணக்கில் எடை உள்ள கம்பிக் கட்டுகளைத் தூக்கி லாரியில் இறக்க வேண்டும். கீழே ஏழெட்டுப் பேர் வேலை செய்துகொண்டிருப்பார்கள். என் கை ஒரு தடவை தப்பினால் அவர்களுக்குத்தான் ஆபத்து.

அதற்கு ஒரு வருஷம் முன்பே எனக்குச் சர்க்கரை நோய் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கம்பெனியில் நான் மூச்சு விடவில்லை. தெரிந்தால் கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று பயம். டீயில் சர்க்கரை வேண்டாம் என்று ஏன் சொல்கிறாய் என்று கூட்டாளிகள் கேட்டபோது, தொப்பையைக் குறைக்கிறேன் என்றேன்.

ஒரு பொய் இன்னொரு தப்பைக் கூட்டிக்கொண்டு வரும் என்பார்களே, எனக்கு அப்படித்தான் ஆனது. டாக்டர் கொடுத்தது சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் போட வேண்டிய மாத்திரை. எனக்குக் காலை ஆறு மணி ஷிப்ட். எட்டு மணிக்குத்தான் கேன்டீனில் நாஷ்டா. மாத்திரையை அங்கே, நாலு பேர் முன்னால், எப்படிப் போடுவது? அதனால் வீட்டிலேயே நாலரை மணிக்கு வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன். கம்பெனி பஸ்ஸில் போன வரைக்கும் கை லேசாக நடுங்கும், அவ்வளவுதான். தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

டாக்டர் உடற்பயிற்சி செய்யச் சொன்னார். நான் பஸ்ஸை விட்டுவிட்டு சைக்கிளில் போக ஆரம்பித்தேன். கவரைப்பேட்டைப் பக்கத்திலிருந்து பத்து கிலோமீட்டர். மாத்திரையை எப்போது போடுகிறேன், எப்போது சாப்பிடுகிறேன் என்று அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. அந்த வாரம் ரத்தப் பரிசோதனை வேறு இருந்தது. நல்ல எண் வரட்டும் என்று முந்தின ராத்திரி இரண்டே இட்லியோடு எழுந்துவிட்டேன். என் மனைவி இன்னும் இரண்டு வைத்துக்கொள்ளச் சொல்லியும் கேட்கவில்லை.

அன்றைக்குப் பாதி வழியில் சைக்கிள் பஞ்சர். அந்த நேரத்தில் எந்தக் கடை திறந்திருக்கும்? தள்ளிக்கொண்டே வேகமாக நடந்தேன். கொஞ்ச தூரத்தில் சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது. வியர்வை ஜில்லென்று இருந்தது. நெஞ்சு படபடத்தது, எதையாவது பிய்த்துத் தின்ன வேண்டும் போலப் பசித்தது. வழியில் ஒரு டீக்கடை திறந்திருந்தது. நின்று இரண்டு பிஸ்கட் சாப்பிட்டிருந்தால் கதையே வேறு. லேட்டாகிவிடும் என்று தாண்டிப் போனேன். அதற்குப் பிறகு கேட் வரைக்கும் எப்படிப் போனேன் என்பது எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. குடித்துவிட்டு யாரும் உள்ளே போகக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு ஷிப்டுக்கும் எல்லாரும் வரிசையில் நின்று ஒரு மிஷினில் ஊத வேண்டும். யாராவது மாட்டினால் வரிசையே சிரிக்கும். அதில் என் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அன்றைக்கு என் கால் பின்னிக்கொண்டது. சைக்கிளை நிறுத்தப் போய் அதன் மேலேயே சாய்ந்தேன். காவலுக்கு நின்றவர், "இன்னாய்யா, காலங்காத்தால போட்டுக்கினு வந்துகிறியா?" என்று மிஷினை நீட்டினார். என்னால் நேராக ஊத முடியவில்லை. பதில் சொல்ல நினைத்தேன், நாக்கு குழறியது. வரிசையில் பின்னால் நின்ற என் கூட்டாளி ஒருவர், "டீக்கு சக்கர வேணாமாம், இது மட்டும் வேணுமாம் தலைவருக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

எப்படியோ ஊதி முடித்தேன், மிஷின் ஒன்றும் காட்டவில்லை. மிஷின் கெட்டுப்போச்சு என்று சொல்லி காவல்காரர் திரும்ப ஊதச் சொன்னார்.

அங்கே காவல் வேலையில் ஒரு அம்மாவும் இருந்தார். ஊத்துக்கோட்டைப் பக்கத்துக்காரர், வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நான் அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் வந்து என் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார். உனக்குச் சுகர் இருக்கிறதா என்று கேட்டார்.

நான் இல்லை என்று தலையாட்டினேன். விழப்போகிற நிலையிலும், பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்டுவிடுமே என்றுதான் எனக்குக் கவலை.

அந்த அம்மா என்னைக் காவல் அறைக்குள் உட்கார வைத்து, என் காதருகே குனிந்தார். "எம் பொண்ணுக்கும் இப்டித்தாண்ணா. ஸ்கூல்ல ஓடியாடினா ஜில்லுனு வேர்க்கும், பேச்சு குழறும். என்னாண்ட மறைக்காத. உனுக்கு சுகர் கீதா?"

இந்தத் தடவை ஆமாம் என்று தலையாட்டினேன்.

டீ போடுவதற்காக அங்கே வைத்திருந்த சர்க்கரை டப்பாவைத் திறந்து, ஒரு டம்ளர் தண்ணீரில் நாலு ஸ்பூன் போட்டுக் கலக்கிக் கொண்டுவந்தார். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். சர்க்கரை எனக்கு விஷம் என்று ஒரு வருஷமாக மனதில் பதிய வைத்திருந்தேன். மற்றதெல்லாம் மங்கிப்போன அந்த நேரத்திலும் அது மட்டும் மங்கவில்லை.

"இப்போ இதாண்ணா உனுக்கு மருந்து. முழுங்கு" என்று டம்ளரை உதட்டில் வைத்தார்.

குடித்தேன். கால் மணி நேரம் என்னை எழுந்திருக்கவே விடவில்லை. மெல்ல மெல்லக் கண் தெளிந்தது. தன் சாப்பாட்டுப் பையிலிருந்து இரண்டு இட்லியை எடுத்துக் கொடுத்தார். அப்புறம் முதலுதவி அறையிலிருந்து நர்ஸ் வந்து விரலில் குத்திப் பார்த்தார். அவ்வளவு குடித்த பிறகும் சர்க்கரை எழுபதைத்தான் தொட்டிருந்தது, அதற்குக் கீழே இறங்கினால் ஆபத்து என்றார். எந்த வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார்.

கிரேன் என்று சொல்லும்போதுதான் எனக்கு உறைத்தது. பஞ்சர் ஆகாமல் இருந்திருந்தால், கேட் வரைக்கும் தாக்குப்பிடித்து ஊதிவிட்டு, ஏணியில் ஏறியிருப்பேன். மேலே கட்டு தொங்கும்போது என் கண் இருட்டியிருக்கும். கீழே நிற்கிற ஏழெட்டுப் பேருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். கொஞ்சம் முன்னால் என்னைக் கேலி செய்த கூட்டாளியும் அதில் ஒருவர்.

யாரும் கேட்காமலே சூப்பர்வைசரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நான் பயந்தபடியே கிரேனிலிருந்து இறக்கினார்கள். இப்போது கீழே நின்று கட்டுக்குக் கொக்கி மாட்டி, மேலே இருப்பவருக்குக் கை காட்டுகிறேன். முதல் சில மாதங்கள் வருத்தமாக இருந்தது. வெறும் வயிற்றில் மாத்திரையும் சைக்கிளும் சேர்ந்துதான் சர்க்கரையை அவ்வளவு இறக்கிவிட்டது என்று சொல்லி, டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்து, போடும் நேரத்தையும் நாஷ்டாவோடு சேர்த்து வைத்தார். சைக்கிளை விடச் சொல்லவில்லை. கிளம்பும் முன் விரலில் குத்திப் பார்க்க வேண்டும், குறைவாக இருந்தால் சாப்பிட்டுவிட்டு ஏற வேண்டும், பையில் எப்போதும் குளுக்கோஸ் பாக்கெட் இருக்க வேண்டும், நடுக்கம் வந்தால் உடனே நின்றுவிட வேண்டும் என்றார்.

கேட்டில் அது நடந்த அன்று சாயங்காலமே வீட்டில் பிள்ளைகளிடமும் சொன்னேன், அவர்களிடமும் அதுவரை மறைத்திருந்தேன். அப்பா தடுமாறினால், பேச்சு குழறினால், முதலில் இனிப்பு கொடுங்கள், வேண்டாம் என்று அடம்பிடித்தாலும் விடாதீர்கள் என்றேன். ஆனால் நினைவு இல்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைத்து 108க்குக் கூப்பிட வேண்டும். ஏழாவது படிக்கிற என் மகள் இன்றைக்கும் தூக்கக் கலக்கத்திலேயே, "பாக்கெட்டு எடுத்துக்கினியாப்பா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுக்கிறாள்.

அந்த அம்மா இப்போது வேறு இடத்தில் வேலை செய்கிறார். ஆனால் கேட்டில் யாராவது தள்ளாடி வரிசை சிரிக்கத் தொடங்கும்போதெல்லாம், என் கால்கள் தானாக முன்னால் போகின்றன, தள்ளாடுகிறவரின் கை ஜில்லென்று இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதற்கு.