சூசை அண்ணன் செய்த இரத்தக்குழாய்

சூசை அண்ணன் இறந்த செய்தியை வட்டவளையிலிருந்து வந்த ஒருவர் வார்டு வாசலில் நின்று சொன்னார். என் கையில் ஊசி இருந்தது. போட்டு முடித்துவிட்டுத்தான் அழுதேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் வேலை செய்த உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். பழுதான கருவி எதுவானாலும் அவரிடம்தான் போகும். "கருவிக்கும் காய்ச்சல் வரும் மிஸ்ஸி" என்பார். தாதிகளான எங்களை அப்படித்தான் கூப்பிடுவார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலம். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துவந்த அவர் மனைவி மேரியின் இடது பாதம் கறுத்துப்போனது. புதிதாக வந்திருந்த சின்னக் கருவியை டொக்டர் அவள் காலில் வைத்துப் பார்த்தார். காதுக்கு எட்டாத ஒலியை அது உள்ளே அனுப்பும். ஓடுகிற இரத்தத்தில் பட்டுத் திரும்புவதை இரைச்சலாகக் கேட்கச் செய்யும். மேரியின் முழங்காலுக்குக் கீழே ஒரு சத்தமும் இல்லை. அந்தக் காலை மறுநாளே வெட்டி எடுக்காவிட்டால் அழுகல் மேலே ஏறி ஆளையே கொண்டுபோய்விடும் என்றார் டொக்டர்.

"மிசின் செவிடா இருந்தா?" என்று கேட்டார் அண்ணன். அதைச் சோதிக்க ஓர் இரத்தக்குழாயையே செய்யத் தொடங்கினார். பின்னல் ஊசியை ரப்பர் பாலில் தோய்த்துத் தோய்த்து, அடுப்போரம் காயவைத்து, குழாயாக உரித்தெடுத்தார். சதைக்குப் பதிலாகக் கடற்பாசியைக் காய்ச்சி, தேயிலைத் தூள் கலந்து, அது உறையுமுன் அதற்குள் குழாயைப் பதித்தார். கடற்பாசியை ஆஸ்பத்திரிச் சமையல் நடக்கும் குசினியில் திருடிக் கொடுத்தவள் நான்தான்.

மறுநாள் காலையில் குழாயில் தண்ணீரை ஓடவிட்டுக் கருவியை வைத்தார். சத்தமே இல்லை. "செவிடுதான்!" என்று கத்தினார். டொக்டர் சத்திரசிகிச்சையை நிறுத்திவைத்தார். நான் மேரியைக் கட்டிக்கொண்டேன்.

பகல் சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் என்னைத் தேடி வந்தார். முகத்தில் உயிரில்லை.

"நான் விட்டது வெறுந்தண்ணி மிஸ்ஸி. ரத்தத்துல அணு இருக்கு, அதுல பட்டுத்தான் சத்தம் திரும்புது. தண்ணியில என்னா இருக்கு? இப்ப கோன்பிளவர் மாவு கலந்து விட்டேன். மிசின் நல்லா கத்துது."

"நம்மளத் தவிர இது யாருக்குங்க தெரியும்? ரெண்டு நாள் சும்மா இருங்கண்ணே" என்றேன். ஒரு தாதி சொல்லக்கூடிய வார்த்தையா அது! சொன்னேன்.

"சும்மா இருந்தா காலு இருக்கும். மேரி இருக்க மாட்டா."

நேரே டொக்டரிடம் போய்ச் சொன்னார். அன்று மாலையே மேரியின் காலை வெட்டி எடுத்தார்கள். "நீங்கதானே போய்ச் சொன்னீங்க" என்று மேரி அதன்பின் ஒரு வருடம் அவரோடு பேசவில்லை. அவர் ஒரு நாளும் தன் பக்கத்து நியாயத்தைப் பேசியதில்லை. சோற்றை ஆக்கி அவள் முன்னால் வைத்துவிட்டு வேலைக்கு வருவார்.

அண்ணனின் அடக்கத்தின்போது மேரிக்கு நாற்காலி கொண்டுபோனேன். அவள் உட்காரவில்லை. கட்டையை ஊன்றியபடி குனிந்து ஒரு பிடி மண் போட்டாள்.

"அன்னைக்கி அவரு வாய மூடியிருந்தா, எனக்கு அவரு மண்ணு போட்டிருப்பாரு. இப்ப நான் போடுறேன். எது நல்லதுன்னு இன்னமும் தெரியல மிஸ்ஸி."

எனக்கும் தெரியவில்லை. அண்ணன் எனக்கு விட்டுப்போனது ஒரு வெட்கம். நோயாளியின் வீட்டார் என் முகத்தைப் பார்த்து நிற்கும்போது, ஆறுதலாக ஒரு பொய் வாய்வரை வரும். அந்த வெட்கத்தில் அதை விழுங்கிவிடுகிறேன்.