தங்கராஜுவின் கால்கள்

மலாயாவின் கோலா பிலா பட்டணத்துக்கு அப்பால் இருந்த ரப்பர் தோட்டம் ஒன்றில், தங்கராஜு ரப்பர்க் கட்டுகளை லோரியில் ஏற்றும் வேலை பார்த்தான். வேலை முடிந்த பிறகும் அவனுக்குத் தூக்குவதிலேயே பித்து. பழைய லோரி அச்சைத் தோளில் வைத்துக்கொண்டு குந்திக் குந்தி எழுவான். தொடைகள் திரண்டு கிடந்தன.

"இப்படிக் கனம் தூக்குனா காலு கட்டையாப் போயிரும் மாப்ள," என்பான் அர்ச்சுனன். தங்கராஜுவின் அக்காள் முத்தாயிக்குப் புருஷன். அதே லோரியில் உடன் வேலை செய்பவன். ஆள் ஒல்லி. தோட்டத்து இரண்டு மைல் ஓட்டத்தில் அவனை யாரும் முந்தியதில்லை. ஆனால் நூறு கஜம் என்றால் தங்கராஜுதான். விசில் சத்தம் அடங்குமுன் பாய்ந்திருப்பான். அதற்கு மேல் ஓடவிட்டால் வாயில் நுரை தள்ளும்.

தோட்ட ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரெஸ்ஸர் திருநாவுக்கரசு ஒருநாள் சொன்னார்: "கோழி நெஞ்சுக்கறி வெளுப்பு, ஒரு படபடப்புக்குத்தான் ஆகும். தொடைக்கறி சிவப்பு, நாளெல்லாம் நடக்கும். மனுசன் சதையிலயும் அந்த ரெண்டு நாரும் கலந்திருக்கு. பிறக்கும்போதே ஆளுக்கு ஆள் அளவு மாறும். கனம் தூக்குனா வேகமான நாரு நல்லாத் தடிக்கும். பாய்ச்சல் கூடும், மூச்சு நீளாது."

காட்டுக் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசரகாலத்தின் மூன்றாம் வருஷம், பட்டணத்துக்குப் போகும் சாலையில் மரம் வெட்டிக் குறுக்கே போட்டிருந்தது. லோரி நின்றதும் டிரைவரின் கழுத்தில் குண்டு பாய்ந்தது. காட்டிலிருந்து வந்த கம்யூனிஸ்டுகள் தங்கராஜு, அர்ச்சுனன், மற்றவர்கள் எல்லாரையும் இழுத்து இறக்கினார்கள்; ரப்பர்க் கட்டுகளுக்குத் தீ வைத்தார்கள். ராணுவத்துக்குத் துப்புக் கொடுத்தவன் என்று, உடன் வந்த மேஸ்திரி மண்டோர் சன்னாசியை மண்டியிட வைத்துப் பாராங் கத்தியால் வெட்டினார்கள். தலை முழுதாக அறுபடவில்லை. மறுபடி வெட்டினார்கள்.

எல்லாக் கண்ணும் அங்கே இருந்தபோது, "ஓடு மச்சான்!" என்று கத்திவிட்டுத் தங்கராஜு பாய்ந்தான். துப்பாக்கி திரும்புவதற்குள் மரங்களுக்குள் இருந்தான். அர்ச்சுனன் அப்போதுதான் வேகம் பிடித்துக்கொண்டிருந்தான். முதுகில் இரண்டு குண்டு. "மாப்ள!" என்று ஒரு குரல் கேட்டது. தங்கராஜு திரும்பவில்லை.

ஒருவன் விரட்டி வந்தான். சதுப்பு வரை ஓடியதில் தங்கராஜுவின் மூச்சு தீர்ந்து முழங்கால் மடங்கியது. வந்தவனுக்கு இளைப்புகூட இல்லை. பாராங் தங்கராஜுவின் தோளில் எலும்பு வரை இறங்கியது. தங்கராஜு அவனை இடுப்போடு பிடித்துத் தூக்கி அடிமரத்தில் மோதினான். உடம்பு துவண்ட பிறகும் மோதினான். கடைசியில் முகம் என்று எதுவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் தோளுக்குத் தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். வாசலிலேயே முத்தாயி மறித்தாள்.

"உன்னைவிட நல்லா ஓடுறவருதானடா? அவரு எப்படிடா செத்தாரு?"

"தூர ஓட்டமா இருந்தா அவருதான்க்கா பொழைச்சிருப்பாரு."

ரப்பர்ப் பால் சுமக்கும் வாளியை எடுத்து அந்தத் தோளிலேயே அடித்தாள். தையல் பிரிந்து ரத்தம் வழிந்தது. அவன் கையை உயர்த்தித் தடுக்கவில்லை.

அதன் பிறகு அந்தக் கை தோளுக்கு மேல் எழவே இல்லை. கட்டுத் தூக்க ஆகாதவனை ரப்பர் மரம் சீவிப் பால் எடுக்க அனுப்பினார்கள்; முத்தாயி பால் எடுக்கும் மர நிரைக்குப் பக்கத்து நிரை. மாதக்கணக்கில் அவள் பேசவில்லை. மழை இருட்டிக்கொண்டு வந்த ஒரு நாள், நிரம்பிய வாளியைத் தூக்க முடியாமல் அவன் இழுத்துக்கொண்டு வந்தான்.

"வை. நான் தூக்குறேன்," என்றாள்.