அத்தையின் ஒரு நாள் பாஸ்

சம்பான் படகிலிருந்து இறங்கும்போது அத்தை அந்தப் பாஸைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது. காகிதத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

அத்தை என் அப்பாவின் தங்கை. கெடாவில் பண்டார் பாருவுக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுவாள். அங்கே பிரசவம் பார்ப்பதும் அவள்தான். என்னை ஆற்றுக்கு இந்தப் பக்கம், பேராக்கில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கெடாவுக்கும் பேராக்குக்கும் அந்த ஆறுதான் எல்லை என்பதை நான் யோசித்ததுகூட இல்லை. காலையில் அம்மா வீட்டுக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடுவேன். சண்டையில் மலாயாவைப் பிடித்த ஜப்பான்காரன் கெடாவைச் சயாமுக்குத் தூக்கிக் கொடுத்தபிறகு மாநில எல்லை நாட்டு எல்லையாகிவிட்டது. அந்தக் கரையில் சயாம் காவல், எங்கள் கரையில் ஜப்பான் காவல்.

அதற்கு முன்பே என் கணவரை ரயில் பாதை போடச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். நான் நிறைமாதம். எனக்குப் பிரசவம் பார்க்க வரவேண்டிச் சயாம் அதிகாரியிடம் போன அத்தை முதலில் பாஸ் கேட்கவில்லையாம். "இப்ப நாங்களும் சயாம்தானே, ஐயா? எங்க மாப்பிள்ளையும் சயாம்லதான் இருக்காரு. ஒரே நாட்டுக்குள்ள இருக்கிற ஆளு, கொஞ்சம் அனுப்பி வையுங்க." மொழிபெயர்க்கவேண்டிய தோட்டத்துக் கணக்கர், கிராணி, தயங்கித் தயங்கிச் சொல்லியிருக்கிறார். அதிகாரி சிரிக்கவில்லை. அத்தையின் பெயரைக் கேட்டுச் சயாம் எழுத்தில் குறித்துக்கொண்டு, ஒரே ஒரு நாளுக்குப் பாஸ் கொடுத்தார்.

அத்தை வந்த அன்று எனக்கு வலி வரவில்லை. "கெளம்பு அத்தை, பொழுது சாயுது" என்றேன்.

"புள்ள என்ன, பாஸைப் படிச்சிட்டா வரும்? பேசாம படுலா."

மூன்றாம் நாள் விடிந்ததும் மகள் பிறந்தாள். அவளைக் குளிப்பாட்டி என் பக்கத்தில் கிடத்திவிட்டு, நாள் கடந்த பாஸை இடுப்பில் செருகிக்கொண்டு அத்தை புறப்பட்டாள்.

சண்டை முடிந்து சயாம்காரர்கள் போனபிறகுதான் அத்தையை மறுபடி பார்த்தேன். என் கணவர் திரும்பவே இல்லை. நாள் கடந்து திரும்பிய அன்று கரையில் என்ன செய்தார்கள் என்று கேட்டதற்கு, "வெயில் கொஞ்சம் ஜாஸ்தி, அவ்வளவுதான்" என்றாள்.

இப்போது அந்த ஆற்றைப் பாலத்தில் கடக்கிறோம். யாரும் எதையும் கேட்பதில்லை.

அத்தையின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த, அன்று அவளை அக்கரை சேர்த்த சம்பான்காரர்தான் நடந்ததைச் சொன்னார். ஜப்பான் சிப்பாய் அவளைக் காலையிலிருந்து சாயங்காலம்வரை வெயிலில் முட்டி போட வைத்திருக்கிறான். ஒரு வாய்த் தண்ணீர் கிடையாது. இரண்டு பேர் தூக்கித்தான் சம்பானில் ஏற்றினார்களாம்.

"ஏன்க்கா, சொன்ன நாள்ல வந்திருக்கலாமேன்னு கேட்டேன். 'பொம்பளப் புள்ள தம்பி, நல்லா அழுவுது'ன்னு சொல்லிச்சு. வேற ஒண்ணும் சொல்லல."